வரம்பைப் பூஜ்ஜியமாக்கினால் பிடிபடப்போவது யார்?

பெரிய விபத்து ஒன்று நடந்தால் போதும், உடனே ஒரு கோரிக்கை கிளம்பிவிடுகிறது: வண்டி ஓட்டுகிறவன் ரத்தத்தில் துளி மதுகூட இருக்கக் கூடாது, சட்ட வரம்பைப் பூஜ்ஜியமாக்குங்கள் என்று. குடித்துவிட்டு வண்டியை எடுப்பவன்மேல் எனக்குத் துளியும் இரக்கமில்லை. அவன் பிடிபட வேண்டும் என்பதால்தான் இந்தக் கோரிக்கையை எதிர்க்கிறேன்.

இப்போதைய வரம்பு என்ன? மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவின்படி 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம். இங்கிலாந்தில் இது 80, ஜெர்மனியில் 50. நம்முடையது ஏற்கெனவே இறுக்கமானதுதான். எவ்வளவு இறுக்கம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 42.8 சதவீத பிராந்தி ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லியில், சுத்த ஆல்கஹால் 77 மில்லி. எடையில் சுமார் 61 கிராம். 70 கிலோ எடையுள்ள ஆண் அதை வெறும் வயிற்றில் வேகமாகக் குடித்தால் ரத்தத்தில் 128 மில்லிகிராம் வரை ஏறும். அதில் பாதியான கட்டிங் அடித்தால் 64. ஒரே ஒரு லார்ஜ், அதாவது 60 மில்லி, என்றாலும் 42. பெண்களுக்கும் எடை குறைந்தவர்களுக்கும் இன்னும் அதிகம். சாப்பிட்டுக்கொண்டே மெதுவாகக் குடித்தால் உச்சம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

ஆக, குவார்ட்டர் அடித்துவிட்டு பைக்கை உதைப்பவன் இன்றைய சட்டப்படியே நான்கு மடங்கு வரம்பு மீறியவன். அந்த 30ஐ பூஜ்ஜியமாக்குவதால் அவனுக்கு ஒரு மாற்றமும் இல்லை. இன்று அவனை யாரும் நிறுத்தவில்லை என்றால் நாளைக்கும் நிறுத்தப்போவதில்லை.

அப்படியானால் புதிதாகச் சிக்குவது யார்? ரத்தத்திலுள்ள இந்த அளவை ஈரல் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் குறைக்கும். முந்தின இரவு குடித்துவிட்டுத் தூங்கி எழுந்து காலையில் 8 அல்லது 10 மில்லிகிராமோடு வேலைக்குக் கிளம்புகிறவர் சிக்குவார். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷால் வாய் கொப்பளித்தவர், ஹோமியோபதி டிங்சர் எடுத்தவர், தசமூலாரிஷ்டம் குடித்தவர் எல்லாரும் சிக்குவார்கள். அரிஷ்டம் புளிக்கவைத்துச் செய்யும் மருந்து. ஆல்கஹால் அதிலேயே உண்டாகிறது.

2025 ஜூலையில் கேரளத்தில் பந்தளம் கே.எஸ்.ஆர்.டி.சி. (அரசுப் பேருந்துக் கழக) பணிமனையில் ஓட்டுநர்கள் மூச்சில் மதுவைச் சோதிக்கும் பிரீத் அனலைசரில் ஊதியபோது கருவி மது என்று காட்டியது. யாரும் குடிக்கவில்லை. சாப்பிட்டிருந்தது நன்றாகப் பழுத்த பலாச்சுளை. பூஜ்ஜியம் என்று சட்டம் எழுதினால் இது தினசரி வழக்காகும்.

காரணம் கருவியின் வேலை முறையில் இருக்கிறது. பிரீத் அனலைசர் ரத்தத்தை அளப்பதில்லை. மூச்சிலுள்ள ஆல்கஹால் பிளாட்டினம் மின்முனையில் ஆக்சிஜனேற்றம் அடையும்போது வரும் மின்னோட்டத்தை அளந்து, 2100 மில்லி மூச்சில் இருக்கும் ஆல்கஹால்தான் 1 மில்லி ரத்தத்திலும் இருக்கும் என்ற சராசரி விகிதத்தால் பெருக்கிச் சொல்கிறது. அந்த விகிதம் ஆளுக்கு ஆள் மாறும். 30 மில்லிகிராம் என்பதே ஒரு லிட்டர் மூச்சில் வெறும் 0.143 மில்லிகிராம்தான். வாயில் ஒட்டியிருக்கும் ஆல்கஹால் போக 15 நிமிடம் காத்திருக்க வேண்டும். பக்கத்தில் யாராவது கையில் சானிடைசர் தடவினால் அந்த ஆவியும் சென்சாருக்கு ஆல்கஹால்தான். குறித்த காலத்தில் கேலிபரேஷன், அதாவது அளவைச் சரிபார்த்துத் திருத்துவது, செய்யாவிட்டால் அளவு நகர்ந்துவிடும். 128ஐ அளக்கும்போது இரண்டு மூன்று புள்ளி பிசகினால் ஒன்றும் குடிமுழுகாது. 0வுக்கும் 3க்கும் நடுவே குற்றத்தைத் தீர்மானிக்கச் சொன்னால் அந்தப் பிசகுதான் தீர்ப்பு. ஸ்வீடன் 1990இல் 50லிருந்து இறக்கியபோதும் 20இல்தான் நின்றது.

பூஜ்ஜிய வரம்பை நாம் ஏற்கெனவே சட்டமாக வைத்திருந்தோம் என்பது பலருக்கு நினைவில்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் முதல் வடிவத்தில், ரத்தத்தில் மது எவ்வளவு சிறிய அளவில் இருந்தாலும் குற்றம் என்றே இருந்தது. 1994 திருத்தம்தான் அதை எடுத்துவிட்டு 30 என்று வைத்தது.

வழக்கின் வேலைப்பளுவையும் பாருங்கள். 185 என்பது அந்த இடத்திலேயே அபராதம் கட்டித் தீர்க்கும் குற்றம் இல்லை, நீதிமன்றம் போக வேண்டும். முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ. கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை, இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். ஒரு காவலர் 5 மில்லிகிராம் ஆளோடு மருத்துவமனை வாசலில் நிற்கும் நேரத்தில் 128 மில்லிகிராம் ஆள் சோதனைச் சாவடியைக் கடந்து போய்விடுவான்.

ஸ்காட்லாந்து 2014 டிசம்பரில் வரம்பை 80லிருந்து 50ஆக்கியது. கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதன் பின்னான இரண்டு ஆண்டுகளை இங்கிலாந்து, வேல்ஸோடு ஒப்பிட்டார்கள். விபத்து குறையவில்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 1980 டிசம்பரில் 80லிருந்து 50க்கு வந்தது. ஆனால் சாவுகள் சரேலென்று குறைந்தது 1982 டிசம்பரில் யாரை வேண்டுமானாலும் நிறுத்தி ஊதச் சொல்லும் முறை வந்த பிறகுதான். எந்தத் தெருவிலும் எந்த நேரத்திலும் பிடிபடலாம் என்ற பயம் செய்கிற வேலையை எண் செய்யாது.

நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 203ஆம் பிரிவோ, குடித்திருப்பதாகச் சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் மட்டுமே ஊதச் சொல்ல அனுமதிக்கிறது. திருத்த வேண்டியது அந்த வரியை. கூடவே, ஒவ்வொரு கருவிக்கும் கேலிபரேஷன் தேதி அச்சாகும் ரசீது, சோதனைக்கு முன் காற்றை மட்டும் இழுத்துப் பூஜ்ஜியம் காட்டும் பதிவு, 15 நிமிட இடைவெளியில் இரண்டாவது ஊதல். பேருந்து, பள்ளி வேன் ஓட்டுநர்களுக்கு வேலை விதியாகப் பூஜ்ஜியம் வைப்பதில் எனக்கு மறுப்பில்லை, அந்த இரண்டாவது ஊதலும் தேவைப்பட்டால் ரத்தப் பரிசோதனையும் இருக்கும்வரை.

சட்டத் திருத்தம் வரும்வரைகூடக் காத்திருக்கத் தேவையில்லை. 185, ஓட்டுவதை மட்டுமல்ல, ஓட்ட முயல்வதையும் குற்றமாக்குகிறது. டாஸ்மாக் கடைகள் இரவு 10 மணிக்கு மூடுகின்றன. பார் வாசலில் வரிசையாக நிற்கும் பைக்குகளில் தள்ளாடியபடி சாவி போடுகிறவனைச் சந்தேகிக்க இதைவிட நியாயமான காரணம் என்ன வேண்டும்? ஒரு உதவி ஆய்வாளர், இரண்டு காவலர்கள், ஒழுங்காக வேலை செய்யும் ஒரு கருவியோடு 9.45க்கே அந்த வாசலில் நிற்கலாம்.