கார்டு மட்டும் மாத்துனா போதுமா அண்ணே?

அண்ணே, 2017ல வாங்குன சின்ன கேஸ் (பெட்டி) கேமிங் பிசி, ஐ5 7400 ப்ராசசர், ஜிடிஎக்ஸ் 1060 கிராஃபிக்ஸ் கார்டு, இதுக்கு ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு போட்டா இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஓடும்னு எழுதியிருக்கீங்க, எனக்கு ஒப்பலண்ணே. ப்ராசசர்ல நாலு கோர் நாலு த்ரெட் மட்டும் (ஒரே நேரத்துல நாலு வேலதான் பாக்கும்) வச்சிக்கிட்டு இந்த கார்டு போட்டா, ப்ராசசர் ஈடுகுடுக்காம கார்டு சும்மா உக்காந்திருக்கும், போதாததுக்கு 4060 எட்டு லேன்லதான் (டேட்டா போற பாதை) ஓடுது, பழைய மதர்போர்டு பிசிஐஇ 3.0 வேற, அதாவது கார்டு சொருகுற இணைப்புல பழைய, வேகம் கம்மியான தலைமுறை, அதுலயும் கொஞ்சம் அடிவாங்கும். அதே சாக்கெட்ல (ப்ராசசர் உக்கார்ற இடம்) பொருந்துற ஐ7 7700 ப்ராசசர செகண்ட்ஸ்ல எடுக்கலாம்தான், ஆனா ரெண்டுமே இன்டெல் 7ஆம் தலைமுறை, அதுக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது, விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சிருச்சு, அப்பறம் எதுக்கு அதுல காசக் கொட்டணும்?

இதே ஏஎம்டி ப்ராசசர் போடுற ஏஎம்4 சாக்கெட் போர்டு, பி450 மாதிரி வச்சிருக்கவங்கன்னா கத வேற. பயாஸ் (போர்டுக்குள்ள இருக்குற மென்பொருள்) அப்டேட் பண்ணிட்டு ரைசன் 5 5600 ப்ராசசர் போட்டுக்கிட்டு அதே டிடிஆர்4 ராமோட ஓட்டலாம், அவங்க தாராளமா அப்கிரேட் பண்ணலாம்.

இன்னொண்ணு, நம்ம காரைக்குடி பக்கம் சித்திரை வெயில்ல சின்ன கேஸுக்குள்ள அடுப்பு மாதிரி கொதிக்கும். ஆச்சி வீட்டு வளவுல வச்சா கொஞ்சம் பரவால்ல, மாடி ரூம்ல கஷ்டம் (புழுதி பத்தி கேக்கவே வேணாம்). வாங்குறதுக்கு முன்னாடி கார்டு நீளத்த டேப் வச்சி அளந்துக்கங்க, எஸ்எஃப்எக்ஸ் பவர் சப்ளைல (சின்ன கேஸுக்கான சின்ன சைஸ்) கார்டுக்கு கரண்ட் குடுக்குற 8 பின் ஒயர் இருக்கான்னும் பாருங்க. நானா இருந்தா கேஸையும் எஸ்எஸ்டியையும் மட்டும் வச்சிக்கிட்டு போர்ட மாத்திருவேன்.