சுற்றுவதெல்லாம் உதவாது

2017-ல் விரலில் பிடித்துச் சுற்றும் ஃபிட்ஜெட் ஸ்பின்னர் தெருவெல்லாம் சுழன்றது. ஆட்டிசமோ ஏடிஹெச்டி என்கிற கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்புக் குறைபாடோ உள்ளவர்களுக்கு நல்லது என்று சொல்லியே விற்றார்கள். என்னைக் கேட்டால் அந்த வேலைக்கே பொருந்தாத வடிவம் அது. சுற்றிவிட்டால் கண் அதிலேயே நிற்கும். பாடத்திலோ மீட்டிங்கிலோ கண்ணும் காதும் வேறு வேலைக்கு வேண்டும். துறுதுறுப்பு விரலோடு நிற்க வேண்டும்.

இந்தத் துறுதுறுப்புக்காக உடம்பில் அணியும் கருவி செய்பவர்கள், அணியப்போகிறவர் ஏற்கெனவே எதை நோண்டுகிறார் என்று முதலில் பாருங்கள். நகத்தோரத் தோலைப் பிய்க்கிறவருக்கு வழவழ மோதிரம் கொடுத்தால் இரண்டே நாளில் மேசையில் கிடக்கும். அந்த விரல் தேடுவது சொரசொரப்பை.

கைப்பட்டிக்கு 12 மில்லிமீட்டர் சிலிகான் மணி, 2 மில்லிமீட்டர் நைலான் கயிறு போதும். மணிகளை நெருக்கிக் கோர்த்துவிடாதீர்கள். 3 சென்டிமீட்டராவது காலியாக விட்டால்தான் மணி நகரும். எலாஸ்டிக் நூல் இழுபட்டு இழுபட்டு முடிச்சருகில் அறும், மணி சிதறும். வாயில் போடும் பழக்கம் இருந்தால் மணியே வேண்டாம். காந்தம் யாருக்குமே வேண்டாம்: இரண்டை விழுங்கினால் குடல் சுவரை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடும்.

காலர் கடிக்கிறவர்களுக்கு ஒரே வார்ப்பில் செய்த சிலிகான் பதக்கம். முன்பல்லால் கடித்தால் தட்டையாக, கடைவாய்ப் பல்லால் என்றால் நீளத் தண்டாக. கழுத்துக் கயிறுதான் இதில் பெரிய ஆபத்து. கழுத்தில் மாட்டும் கடி மாலைகள் பற்றி அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018 டிசம்பரில் எச்சரித்தது. மூச்சுத் திணறலும் கழுத்து இறுகுவதும்தான் காரணம். இழுத்தால் தானே கழலும் கொக்கி கட்டாயம். அடிக்கடி கழல்கிறதே என்று சில வீடுகளில் அதன் மேல் முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். கொக்கி வைத்ததே வீண்! அது இருந்தாலும் தூங்கும்போது கழற்றிவிடுங்கள். கடித்த இடத்தில் கீறல் தெரிந்தால் அன்றைக்கே குப்பையில் போடுங்கள்.

நிக்கல் கலந்த மலிவு மோதிரம் நம் ஊர் வேர்வையில் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கொடுக்கும்.

பெரியவர்களுக்கென்று யாரும் யோசிப்பதில்லை, எல்லாமே டைனோசரும் டோனட்டும்தான். ஆபீஸ் போகிறவருக்கு ஐடி கார்டு டேக்கே போதும். கழலும் கொக்கி உள்ள டேக்காகப் பார்த்து, விரலால் தேய்க்கப் பின்பக்கம் வெல்க்ரோவின் முரட்டுப் பாகம் 3 சென்டிமீட்டர் தைத்துவிடுங்கள். மென்மையான பாகத்தையும் சேர்த்துத் தைத்தால் அவர் அதைப் பிரித்துப் பிரித்து ஒட்டுவார், சர்ரென்ற சத்தத்தில் பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், இல்லாவிட்டால் சட்டையைப் பிறாண்டும்.