எங்களை எங்களோட கதைக்க விடுங்க

போன ஞாயிற்றுக்கிழமை, மண்சரிவுல பட்ட நாங்க கோயில் மடத்துல கூடி எங்க வலியைக் கதைச்சுக்கிட்டு இருந்தப்ப, ஒரு அதிகாரி கெமராவும் ஃபோர்மும் எடுத்துக்கிட்டு ஆட்களோட வந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். வீடியோவும் பார்த்திருப்பீங்க. நாலு நாளா ஒண்ணும் எழுதாம இருந்தேன். இனி முடியல.

"படிக்காத ஆட்கள் கூடி உட்கார்ந்து பழைய காயத்தைக் கிண்டுறீங்க, இதுக்குன்னு படிச்சவங்க இருக்காங்க" என்று அந்த அதிகாரி எங்க முகத்துக்கு நேரா சொன்னார். அங்க இருந்த பதினோரு பேரும் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி பதுளை மாவட்டத்து மீரியபெத்த தோட்டத்துல மலை சரிஞ்சப்ப மண் அள்ளினவங்க. இல்லாட்டி அந்த மண்ணுக்குள்ள சொந்தத்தைப் பறிகொடுத்தவங்க.

நான் பக்கத்து டிவிசன். சத்தம் கேட்டு ஓடினோம். மண் தோண்டுற பெக்கோ மெஷின் வர முந்தி எங்க கையில இருந்தது மம்பட்டியும் அலவாங்கும்தான். பள்ளிக்கூடம் போன பிள்ளைங்க தப்பினாங்க. திரும்பி வந்தப்ப அவங்க குடியிருந்த லயம், அந்த வரிசை வீடு, இல்ல.

என்னோட தோண்டின மாமா ஒருத்தர், மழை பிடிச்சா இன்னைக்கும் சப்பாத்தைப் போட்டுக்கிட்டுத்தான் படுக்கிறார். பொண்டாட்டிகிட்ட கூட காரணம் சொன்னதில்ல. ஒருநாள் பீலிக்கரையில நான் சொன்னேன், "மாமா, ஈர மண் வாசனை வந்தா எனக்குச் சோறு இறங்காது." அவர் வாளியைக் கீழ வச்சார். அன்னைக்குத்தான் வாய் திறந்தார், அஞ்சு வருஷம் கழிச்சு. நான் என்ன படிச்சேன்? ஒண்ணுமில்ல. நானும் அங்க இருந்தேன், அவ்வளவுதான்.

இதை நாங்க புதுசா கண்டுபிடிக்கல. வியட்நாம் யுத்தத்துல இருந்து திரும்பின அமெரிக்கச் சிப்பாய்கள் 1970ல நியூயோர்க்கில் இப்படித்தான் வட்டமா உட்கார்ந்து கதைச்சாங்க. அரசாங்கம் அவங்களுக்கு ஆலோசனை நிலையங்கள் திறந்தது 1979ல. அவங்க மனசுல பட்ட அந்த நோய்க்கு வைத்தியர்களோட புத்தகத்துல இப்ப இருக்கிற PTSD என்ற பேர் ஏறினது 1980ல. முதல்ல உட்கார்ந்தது பட்டவன்.

"யாராவது உயிரை மாய்ச்சுக்கிற எண்ணத்தோட வந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்கிறாங்க. நியாயமான கேள்வி. எனக்கும் அந்தப் பயம் இருக்கு. அதனாலதான் மனநல உதவிக்குப் பேசுற 1926 போன் நம்பரை மடத்துச் சுவர்லயே எழுதி வச்சிருக்கோம். ரெண்டு பேரை பதுளை ஆஸ்பத்திரிக்கு நாங்களே கூட்டிப் போனோம், ஒரு நாள் சம்பளத்தை விட்டுட்டு. டொக்டரை வேணாம்னு நாங்க ஒருநாளும் சொல்லல. ஆனா பத்தடிக் காம்பராவுல இருந்து போன் எடுத்து அழுதா லயமே கேட்கும். அவங்க எங்க போய் அழுவாங்க?

"பேசப் பேச வலி கூடும்" என்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். நாங்க யாரையும் பேசச் சொல்றதில்ல. சில பேர் மூணு மாசமா வந்து தேத்தண்ணி மட்டும் குடிச்சிட்டுப் போறாங்க. வற்புறுத்தினது அன்னைக்கு வந்தவங்கதான். கெமராவை நீட்டி, "அந்த நிமிஷம் எப்படி இருந்துச்சு" என்று ஒரு அக்காகிட்ட கேட்டது அவங்க. அந்த அக்கா அதுக்கப்புறம் கொழுந்தெடுக்கவும் போகல.

அதுதான் பொறுக்கல. தோண்டினப்ப எங்ககிட்ட யாரும் படிப்பைக் கேட்கல. கை இருந்தாப் போதும்னாங்க. கிழிஞ்ச நகத்தோட வீட்டுக்கு வந்தோம். அடுத்த கிழமை காலையில வேலைக்குப் பேர் பதியுற பெரட்டுக்கு வரலையேன்னு ஏசினாங்க. நித்திரை வருதான்னு ஒருத்தராவது கேட்டாங்களா? எங்க தோட்டத்துப் பொடியன்களை மீட்புப் படைன்னு யாரும் எண்ணவே இல்ல. இப்ப நாங்க ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கிட்டா அது மட்டும் குத்தம்.

வாற ஞாயிறும் மூணு மணிக்கு மடம் திறந்திருக்கும். அந்த அதிகாரியும் வரலாம், மனசார சொல்றேன். கெமராவையும் ஃபோர்மையும் வெளியில வச்சிட்டு வரட்டும். அந்த அக்கா வந்தா, அவங்க பக்கத்துல யாரும் கேள்வியோட உட்காராதீங்க.