நாவல் கேட்பவரிடம் பட்டியலை நீட்டாதீர்கள்

சென்னைப் புத்தகக் காட்சி நெருங்கும் மார்கழியில், "அண்மைக்கால நாவல்களில் எதை வாங்கலாம்?" என்ற கேள்வி முகநூலில் தவறாமல் வரும்; அதற்குக் கீழே சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல்களின் பெயர்களை வரிசையாக அடுக்கிவிட்டுக் கடமை முடிந்ததென்று நகர்ந்துவிடுகிறோம். பட்டியலில் பிழை இல்லை. ஆனால் பூமணியின் ‘அஞ்ஞாடி’யையும் தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉ’மையும் ஒரே மூச்சில் பரிந்துரைப்பவர், முன்னது ஆயிரம் பக்கங்களைத் தாண்டுவது, பின்னது அளவில் சிறியது என்பதையாவது சொல்ல வேண்டாமா? எந்த இடத்தில் வாசகர் தடுமாறுவார், அதைத் தாண்டினால் என்ன கிடைக்கும் என்று சொல்வதையே நான் பரிந்துரை என்பேன்.

நாவல் பக்கமே வெகுகாலம் போகாதவருக்கு நான் முதலில் சொல்வது இமையத்தின் ‘செல்லாத பண’த்தை. பொறியியல் படித்த ரேவதி, வீட்டாரின் எதிர்ப்பை மீறி ஆட்டோ ஓட்டும் ரவியை மணந்துகொள்கிறாள். பின்பு தீக்காயங்களோடு புதுச்சேரி ஜிப்மருக்குக் கொண்டுவரப்படுகிறாள். தலைமையாசிரியரான தந்தை நடேசனிடம் பணம் இருக்கிறது, அந்த இடத்தில் அதற்குச் செலவாணி இல்லை. அவளே கொளுத்திக்கொண்டாளா, அவன் கொளுத்தினானா என்ற கேள்வி கடைசிவரை உறுத்திக்கொண்டே இருக்கிறது. நாவலின் பெரும்பகுதி தீக்காயப் பிரிவுக்கு வெளியே காத்திருப்பவர்களின் பேச்சாகவே நகர்வதால், ஒரே புலம்பல் திரும்பத் திரும்ப வருகிறது என்று சிலர் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். மருத்துவமனை வராந்தாவில் ஓர் இரவைக் கழித்தவர்களுக்கு அது குறையாகத் தெரியாது. அங்கே எந்தத் தாயும் ஒரு முறை சொன்னதோடு நிறுத்துவதில்லை. வீட்டில் அண்மையில் இழப்பைச் சந்தித்தவர்களிடம் மட்டும் இந்த நாவலை நான் கொடுப்பதில்லை.

சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ (2004) வேறு வகையான சிக்கலைத் தரும். ராபியா, சொஹ்ரா, ரஹீமா, வஹிதா, ஃபிர்தவ்ஸ் என்று பெயர்கள் வந்துகொண்டே இருக்க, யார் யாருக்கு என்ன முறை என்பது தொடக்கத்தில் பிடிபடாது. ஒரு தாளில் உறவுமுறையைக் குறித்து வைத்துக்கொண்டு படியுங்கள். அதன்பின் அந்தக் குடும்பங்களின் வீடுகளுக்குள் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கேலியும் ஏக்கமும் பொறாமையும் காதில் விழத் தொடங்கும். நம் நாவல்களில் அடுக்களைப் பேச்சு இவ்வளவு தயக்கமின்றிப் பதிவானது அரிது.

தேவிபாரதியின் நாவலுக்கு நீண்ட முன்னுரை தேவையில்லை. கொங்கு நாட்டுக் குடிநாவிதரான காரு மாமாவின் சாவுக்கு உறவுகள் ஒன்றுகூடுகின்றன. அந்தக் கூடுகையின் ஊடாக ஒரு குடும்பத்தின் வறுமையும் பகையும் பாசமும் விரிகின்றன. கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாடலிலிருந்து எடுத்த தலைப்பைப் பார்த்து மிரண்டு ஒதுக்கிவிடாதீர்கள். உள்ளே இருப்பது எளிமையான உரைநடை.

கிராமத்தை விட்டு வந்தவர்களுக்கு, குறிப்பாகக் கரிசல் காட்டுக்காரர்களுக்கு, சோ. தர்மனின் ‘சூல்’. உருளைக்குடிக் கண்மாயும் அதை நம்பி வாழும் மனிதர்களும்தான் கதை. கண்மாய் ஊராரின் பொறுப்பில் இருந்த காலத்தைச் சொல்லும் பக்கங்களில் மடைக்குக் காவலிருக்கும் நீர்ப்பாய்ச்சியின் வேலையைப் படிப்பதே ஒரு படிப்பு. விடுதலைக்குப் பிந்தைய பகுதியில் பாத்திரங்களை முந்திக்கொண்டு ஆசிரியரின் கோபம் பேசுகிறது என்பது என் எண்ணம். அந்தக் கோபம் நியாயமானது என்பது வேறு விஷயம்.

‘அஞ்ஞாடி’யைப் புதிதாகத் தொடங்குபவரிடம் நான் நீட்டுவதில்லை. மேலே சொன்னவற்றில் இரண்டையாவது முடித்தவர்கள் அதை எடுக்கலாம். ஆண்டி, மாரி என்ற இரு சிறுவர்களின் நட்பில் தொடங்கும் கதை, 1895 கழுகுமலைக் கலவரத்தையும் 1899 சிவகாசிக் கலவரத்தையும் உள்ளிழுத்துக்கொண்டு பல தலைமுறைகளுக்கு விரிகிறது. வட்டார வழக்கு முதலில் தடுக்கும். அகராதியைத் தேடாமல் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், பாதிச் சொற்களுக்குப் பொருள் தானே விளங்கிவிடும்.