டிஸ்க் ஒவ்வொன்றாகத்தான் வாங்குவோம்

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் காணொளித் துண்டை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். நான்கு டிஸ்க் போட்ட வீட்டு சர்வர் (கோப்புகளைச் சேமிக்க வீட்டில் ஓடும் கணினி) நிரம்பிவிட்டது, ஐந்தாவதாக ஒன்றை வாங்கி அதே தொகுப்பில் சேர்க்க முடியுமா என்று ஒரு தம்பி கேட்டார். மேடையில் இருந்தவர் சிரித்தார். "மாதத் தவணையில் சர்வர் கட்டக் கூடாது தம்பி. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஆறு டிஸ்க்காக வாங்கி, முதலிலிருந்து ஆரம்பியுங்கள்" என்றார். கூட்டமும் சேர்ந்து சிரித்தது. தம்பி ஒலிவாங்கியைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

பதில் சரியா தவறா என்பதற்குப் பிறகு வருகிறேன். அந்தச் சிரிப்புதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஐயா, எங்கள் வீடுகளில் டிஸ்க் ஒவ்வொன்றாகத்தான் வாங்குவோம். தீபாவளி போனஸ் வந்தால் ஒன்று. சீட்டுப் பணம் கைக்கு வந்தால் ஒன்று. நம் ஊரில் தரைத்தளம் கட்டி முடித்ததும் மொட்டை மாடியில் தூண் கம்பிகளை நீட்டி விட்டு வைக்கிறோமே, எதற்காக? பிள்ளை தலையெடுத்தால் மேல்மாடி எழுப்பலாம் என்றுதான். அதைப் பார்த்து எந்தக் கொத்தனாரும் "மூன்று மாடிக்குப் பணமில்லாதவன் எதற்கு வீடு கட்டினாய்" என்று சிரித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இத்தனைக்கும் அவர் சொன்னது பழைய கதை. பல டிஸ்க்குகளைச் சேர்த்து நிர்வகிக்கும் கோப்பு முறைமையான இசட்எஃப்எஸ்ஸில், டிஸ்க் செத்தாலும் தரவு பிழைக்கும்படி ரெய்டு-இசட் தொகுப்பைக் கட்டிவிட்டால், அதில் ஒரே ஒரு டிஸ்க்கைக் கூட்ட முடியாது என்பது நெடுங்காலம் உண்மையாக இருந்தது. அப்போது மூன்று வழிகள்தான். இன்னொரு முழுத் தொகுப்பை வாங்கி அருகில் நிறுத்த வேண்டும். அல்லது இருக்கும் டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, பெரியதாக மாற்றி, கடைசி டிஸ்க்கும் மாறிய பிறகே கூடுதல் இடத்தைப் பார்க்க வேண்டும். அல்லது அழித்துவிட்டு மறுபடி கட்ட வேண்டும். இந்தக் குறையைத் தீர்க்கும் வேலையை இசட்எஃப்எஸ்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான மேத்யூ ஆரென்ஸ் 2017-இல் அறிவித்தார். 2025 ஜனவரியில் வந்த ஓப்பன்இசட்எஃப்எஸ் (இசட்எஃப்எஸ்ஸின் திறந்த மூல வடிவம்) 2.3 பதிப்பில் அது எல்லோர் கைக்கும் வந்தது. ஒரு டிஸ்க்கை வாங்கி, ஒரு கட்டளை கொடுத்தால், சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே தொகுப்பு விரியும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் சொந்த ரெய்டிலோ 2006-லேயே ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் தாங்கும் வகை) தொகுப்பில் டிஸ்க் கூட்டும் வசதி வந்துவிட்டது. மேடை ஏறுகிறவர் இதையெல்லாம் ஒரு முறை பார்த்துவிட்டு ஏறியிருக்கலாம். சிரிப்பதற்கு மட்டும் நேரம் இருந்திருக்கிறது.

அவர் அந்தத் தம்பிக்குச் சொல்லியிருக்க வேண்டியது வேறு. டிஸ்க்கைச் சேர்க்கும்போது 'அட்டாச்' கட்டளையைக் கொடுங்கள், 'ஆட்' கட்டளையைக் கொடுத்துவிடாதீர்கள் என்று எச்சரித்திருக்க வேண்டும். 'ஆட்' கொடுத்தால் புது டிஸ்க் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் தனியாகத் தொகுப்பில் ஒட்டிக்கொள்ளும். அது ஒன்று செத்தால் மொத்தமும் போகும். ரெய்டு-இசட் இருக்கும் தொகுப்பிலிருந்து அதைத் திரும்பப் பிரித்தெடுக்கவும் முடியாது. இசட்எஃப்எஸ் முதலில் மறுத்து எச்சரிக்கும்; ஆனால் இணையத்தில் எங்கோ பார்த்த 'கட்டாயப்படுத்து' குறியைச் சேர்த்து அடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லியிருக்கலாம். தொகுப்பு விரிந்த பிறகும் பழைய கோப்புகள் மூன்று பங்கு தரவுக்கு ஒரு பங்கு பாரிட்டி (போன டிஸ்க்கின் தரவை மீட்க உதவும் கூடுதல் தகவல்) என்ற பழைய கணக்கிலேயே கிடக்கும். புதிதாக எழுதுபவைதான் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் போகும். அதனால் இடம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத் தெரியும், பதற வேண்டாம், பழைய கோப்புகளை ஒரு முறை மறுபடி எழுதினால் அவை பிடிக்கும் இடம் குறையும். இவ்வளவுதான். இரண்டு நிமிடப் பேச்சு.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பாவுக்கு திருவையாறு ஆராதனை என்றால் உயிர். வானொலியில் வரும் பஞ்சரத்ன கீர்த்தனைகளை ஆண்டுதோறும் கேசட்டில் பதிவு செய்து, அட்டையில் ஆண்டை எழுதி, பீரோவில் அடுக்கி வைத்திருந்தார். அவர் போன பிறகு நான் அவற்றை ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றினேன். பிறகு சித்தி வீட்டுக் கல்யாண விஎச்எஸ் கேசட்டுகள். பிறகு அத்தான் எடுத்துத் தள்ளிய மினிடிவி (டிஜிட்டல் வீடியோ கேமரா) கேசட்டுகள். ஒரு மணி நேரத்துக்கே 13 ஜிகாபைட் விழுங்கும். ஊரில் யார் வீட்டுப் பரண் ஒழித்தாலும் ஒரு பை என் வீட்டுக்கு வந்தது. இதற்கு ஆறு டிஸ்க் வேண்டும் என்று ஆரம்பத்திலேயே எனக்கு எப்படித் தெரியும்? எந்த ஜோசியரிடம் கேட்பது?

நான்காவது டிஸ்க் வாங்கப் போனபோது கடைக்காரர் என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார். "சார் வரவில்லையா மேடம்? என்ன மாடல் என்று அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்." சாருக்கு வைஃபை கடவுச்சொல்லே நான்தான் சொல்ல வேண்டும். அதைச் சொல்லவில்லை. எஸ்எம்ஆர் வகையா (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி எழுதுவது) சிஎம்ஆர் வகையா (தனித்தனியாக எழுதுவது) என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில டிஸ்க்குகள் எஸ்எம்ஆர் என்று ஒப்புக்கொண்ட பிறகும் கேட்காமல் வாங்க நான் தயாராக இல்லை. எஸ்எம்ஆர் வகையில் ரீபில்ட், அதாவது செத்த டிஸ்க்கின் தரவைப் புது டிஸ்க்கில் மறுபடி நிரப்பும் வேலை ஓடினால் டிஸ்க் மூச்சுத் திணறிவிடும். கடைசியில் பெட்டியின் மேல் இருந்த மாடல் எண்ணைப் பார்த்து நானே தேடிக் கண்டுபிடித்தேன்.

அன்று இரவு டிஸ்க்கைச் சேர்த்து, ரெய்டு 5-ஐ மூன்றிலிருந்து நான்காக விரிக்கும் கட்டளையைக் கொடுத்தேன். அது ஓடிக்கொண்டிருந்தபோதே கூடத்தில் மாமியார் அதே சர்வரிலிருந்து பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். படம் ஒரு நொடிகூட நிற்கவில்லை. யூபிஎஸ் இருந்தது, நடுவில் மின்சாரமும் போய் வந்தது. முடிந்ததும் கோப்பு முறைமையையும் பெரிதாக்கினேன். எதையும் அழிக்கவில்லை, ஆறு டிஸ்க்கும் வாங்கவில்லை.

இப்போது கீழே கருத்து எழுத வரிசையில் நிற்கப் போகிறவர்களுக்கு.

"ரெய்டு பேக்கப் அல்ல." சரி. யார் ஆகும் என்று சொன்னது? நானும் முக்கியமானவற்றைத் தனி டிஸ்க்கில் எடுத்து அக்கா வீட்டில் வைத்திருக்கிறேன். இதைச் சொல்வதற்காகவே சிலர் பிறந்திருக்கிறார்கள் போலும்.

"ஒற்றைப் பாரிட்டியில் டிஸ்க் எண்ணிக்கையைக் கூட்டினால் ஆபத்தும் கூடும்." இது நியாயமான கேள்வி. விரிவாக்கத்தின்போது ஒரு டிஸ்க் போனால் இசட்எஃப்எஸ் வேலையை நிறுத்தி, அதை மாற்றும் வரை காத்திருக்கும். ஆனால் ஒற்றைப் பாரிட்டி கொண்ட ரெய்டு-இசட்1-ஐப் பிறகு இரட்டைப் பாரிட்டி கொண்ட ரெய்டு-இசட்2 ஆக்க முடியாது. எட்டு டெராபைட் டிஸ்க்கை மறுபடி நிரப்பச் சும்மா இருக்கும் சர்வருக்கே அரை நாளுக்கு மேல் ஆகலாம், அந்த நேரத்தில் இன்னொன்று போனால் கதை முடிந்தது. எனவே முதல் நாளே இரட்டைப் பாரிட்டியில் ஆரம்பிக்க முடிந்தவர்கள் ஆரம்பியுங்கள். முடியாதவர்கள் பேக்கப்பைச் சரிபார்த்துவிட்டுக் கூட்டுங்கள். இதற்குச் சிரிப்பு எங்கே வருகிறது? இன்னொன்று: ஒரே நாளில் ஒரே பெட்டியிலிருந்து எடுத்த டிஸ்க்குகள் ஒன்றாகப் படுத்துவிடும், வேறு வேறு தயாரிப்புத் தொகுதியாக வாங்குங்கள் என்று உபதேசிப்பவர்களும் இவர்களே. தவணையில் வாங்குபவனுக்கு அது தானாகவே நடந்துவிடுகிறது.

"பேசாமல் ரெடிமேட் நாஸ் பெட்டி வாங்கலாமே." நாஸ் என்பது டிஸ்க்குகளைப் போட்டு வீட்டு வலையமைப்பில் இணைக்கும் தயார்நிலைச் சேமிப்புப் பெட்டி. வாங்கலாம், வெவ்வேறு அளவு டிஸ்க்குகளைக் கலந்து போடும் வசதி அவற்றில் உண்டு, நல்லதுதான். ஆனால் 2025-இல் நாஸ் தயாரிப்பு நிறுவனமான சினாலஜி தன் புதிய பிளஸ் வரிசைப் பெட்டிகளுக்குத் தன் பெயர் போட்ட டிஸ்க்குகளையே கட்டாயமாக்கப் பார்த்தது. எதிர்ப்பு கிளம்பி, அக்டோபரில் இறங்கி வந்தது. இறங்கி வராமல் இருந்திருந்தால்?

"எல்லாம் ஓடிடியில் இருக்கிறதே, எதற்கு இந்தக் குப்பை?" இதற்குத்தான் எனக்குக் கோபம் தலைக்கேறுகிறது. என் அப்பாவின் கேசட் எந்த ஓடிடியில் இருக்கிறது? சித்தியின் கல்யாணத்தில் பந்தி பரிமாறும் என் பாட்டி எந்த ஓடிடியில் இருக்கிறார்? அவர் நடப்பது, பேசுவது எல்லாம் அந்த ஒரு கேசட்டில் மட்டும்தான். அவ்வளவு ஏன், தமிழின் முதல் பேசும் படம் 1931-இல் வந்தது. அதன் பிரதி ஒன்றுகூட இன்று கிடைக்கவில்லை. ஒரு மொழியின் முதல் பேசும் படத்தையே பிரதி எடுத்து வைக்காமல் தொலைத்த நாம், தன் வீட்டுப் படத்தைக் காப்பாற்ற ஒரு டிஸ்க் அதிகம் வேண்டும் என்று கேட்கும் பையனைப் பார்த்துச் சிரிக்கிறோம். அவன் என்ன வைத்திருக்கிறான் என்று யாராவது கேட்டீர்களா? திருட்டுப் படம் என்று நீங்களாகவே முடிவு கட்டிவிட்டீர்கள். எனக்குத் தெரியும், என்னைப் பற்றியும் அப்படித்தான் பேசினீர்கள். "அந்த அம்மா வீட்டில் சீரியல் சேர்த்து வைக்கிறாராம்" என்று சொன்னவர் யார் என்பதும் தெரியும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அழைப்பு வந்துவிட்டது. "அவர் மூத்தவர் மேடம், இந்தத் துறையில் எவ்வளவோ செய்திருக்கிறார், பதிவு போடாதீர்கள்" என்கிறார்கள். செய்திருக்கிறார்தான், அவருடைய பழைய வகுப்புகளில் நானும் கற்றிருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது. மூத்தவர் என்றால் புதுப் பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பைப் படிக்கக் கூடாது என்று விதி இருக்கிறதா? அவர் முதலில் அந்தத் தம்பியைக் கூப்பிட்டு, சொன்னது தவறு என்று சொல்லட்டும். அதுவரை பதிவு இங்கேதான் இருக்கும். தம்பி, பேக்கப் எடுத்து முடித்ததும் எனக்கு எழுதுங்கள், கட்டளையை நானே சரிபார்த்துத் தருகிறேன்.