பரீட்சை வைத்தால் எழுத்து வந்துவிடுமா?

இளங்கலை முடிக்கிற பிள்ளைகளுக்கு எழுத்துத் திறன் தேர்வைக் கட்டாயமாக்கச் சொல்கிறார்கள். நோக்கம் சரிதான். ஆனால் அதைப் பரீட்சையாக வைத்தால், மறுமாதமே கும்பகோணம் கடைத்தெருவில் கைடு வந்துவிடும். பத்துக் கட்டுரையை மனப்பாடம் செய்து பாஸாகிவிடுவார்கள்.

கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 1976-லேயே இந்த விதியைக் கொண்டுவந்தது. பரீட்சைக்குப் பதில் மேல்வகுப்பில் ஒரு எழுத்துப் பாடத்தில் தேறினாலும் போதும் என்று அங்கே பல வளாகங்கள் வைத்தன. நமக்கும் அதுதான் தோது. இங்கே பல பட்டப்படிப்புகளில் தமிழும் ஆங்கிலமும் நாலு செமஸ்டரோடு முடிந்துவிடுகின்றன. ஆகவே எழுத்துப் பயிற்சியை ஐந்தாம் செமஸ்டரில், மேஜர் பாடத்திலேயே வைக்கலாம். இன்டர்னல் மதிப்பெண் 25-ல் 10 இதற்கு.

முதல் வரைவு வகுப்பிலேயே, கையால், 40 நிமிடம், 300 சொல். வீட்டுக்குக் கொடுத்தால் சீனியரின் பிடிஎஃப்தான் வரும். இப்போது ஏஐ வேறு. தலைப்பு ஊர்ச் சங்கதியாக இருக்கட்டும். பொருளாதார மாணவருக்கு: 'ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தும் திருத்துறைப்பூண்டிப் பக்கம் நடவு ஏன் தள்ளிப்போகிறது?'

வருவது இப்படி இருக்கும்: "காவிரி நம் தாய். விவசாயம் நாட்டின் முதுகெலும்பு. எனவே அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும்." மூன்று வரி, ஒரு தகவல் இல்லை. ஆசிரியர்களான நாம் என்ன செய்கிறோம்? 'எடுக்கவேண்டும்' சேர்த்தா பிரித்தா, ஒற்று மிகுமா என்று சிவப்பு மையில் சுழிக்கிறோம். பையன் அதைத் திருத்தி அதே வெற்று வரிகளைத் திரும்ப எழுதுவான். சுழிப்பதற்குப் பதில் ஓரத்தில் மூன்று கேள்வி போதும்: என்ன சொல்ல வருகிறாய்? ஆதாரம் எங்கே? இந்த வரிக்கும் அடுத்த வரிக்கும் என்ன தொடர்பு? அப்போதுதான் "கல்லணையில் பிரியும் வெண்ணாற்றின் கடைசிக் கிளை வாய்க்கால் தூர்வாரவில்லை, முறைப்பாசனத்தில் எங்கள் முறை பிந்தியே வருகிறது" என்ற வரி பிறக்கும். ஒற்றுப்பிழையை இரண்டாம் வரைவில் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு வாரத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும். தாமதித்தால் எழுதினதே மறந்திருக்கும். இரண்டாம் வரைவோடு முதலாவதையும் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்து வாங்குங்கள். மதிப்பெண் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு.

60 பேர், தலைக்கு 8 நிமிடம் என்றால் ஒரு சுற்றுக்கே 8 மணி நேரம். அரசுக் கல்லூரிகளில் இந்தச் சுமை பெரும்பாலும் கௌரவ விரிவுரையாளர் தலையில்தான் விழும். அதை வேலைநேரக் கணக்கில் சேர்க்காமல் சுற்றறிக்கை மட்டும் அனுப்பினால், ஒவ்வொரு தாளிலும் ஒரு டிக் போட்டுத்தான் திரும்பி வரும்.