பெரியப்பா எடுத்த மூன்று சீட்டு

(பிரான்சின் மார்செய் நகரில் ஓர் அடுக்குமாடி வீடு, ஞாயிற்றுக்கிழமை மாலை. வாராவாரம் நண்பர்களுடன் டாரட் என்ற சீட்டாட்டம் ஆடும் பெரியப்பா தொப்பியைத் தேடிக்கொண்டிருக்கிறார். தம்பி மகளோ அதே டாரட்டை வைத்துக் குறி சொல்லப் புதிதாகக் கற்றவள். குறி கேட்க வீட்டில் வேறு ஆள் அகப்படவில்லை.)

பெண்: பெரியப்பா, புறப்படுவதற்கு முன் மூன்று சீட்டு எடுத்துவிட்டுப் போங்கள். உங்கள் வாழ்க்கை எந்தத் திசையில் செல்கிறது என்று பார்த்துவிடலாம்.

பெரியப்பா: இந்த வயதுக்கு மேல் அது எந்தத் திசையில் செல்லும் என்று எனக்கே தெரியும் அம்மா. இன்றிரவு ஆட்டத்தில், மற்ற மூவரையும் எதிர்த்துத் தனியே ஆடுகிறேன் என்று துணிந்து ஏலம் கேட்கலாமா, கூடாதா என்பதை மட்டும் சொல்.

பெண்: டாரட் அப்படியெல்லாம் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பதில் சொல்லாது. முதலில் அதன் அமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். மொத்தம் 78 சீட்டுகள், அவற்றில்...

பெரியப்பா: கொல்லன் தெருவில் ஊசி விற்காதே. நான்கு பேருக்குத் தலைக்கு 18 போட்டு, நடுவில் 6 வைத்தால் 78. மற்ற இனங்களை வெட்டும் துருப்பு 21, கோமாளி ஒன்று, மற்ற நான்கு இனங்களுக்கும் இனத்துக்கு 14. ராஜாவுக்கும் ராணிக்கும் சேவகனுக்கும் நடுவே ஒரு குதிரைவீரன் கூடுதலாக இருப்பதால்தான் 13 என்பது 14 ஆகிறது.

பெண்: நீங்கள் துருப்பு என்பதும் கோமாளியும் சேர்ந்த 22 சீட்டுகளை நாங்கள் பெரிய ரகசியங்கள் என்கிறோம், மீதி 56 சிறிய ரகசியங்கள். நான்கு இனங்களும் நான்கு பூதங்கள்: கிண்ணம் நீர், வாள் காற்று, நாணயம் நிலம், கோல் நெருப்பு.

பெரியப்பா: கோல் எப்படி அம்மா நெருப்பாகும்? எகிப்தை மம்லூக் சுல்தான்கள் ஆண்ட காலத்துச் சீட்டுகளில் கிண்ணம், நாணயம், வாள் ஆகியவற்றோடு போலோ மட்டையும் இருந்தது. அந்த விளையாட்டை அறியாத ஐரோப்பியர் கைக்கு வந்ததும் மட்டை தடியாயிற்று. இப்போது நீ அதற்குத் தீயும் வைத்துவிட்டாய்.

பெண்: பார்த்தீர்களா, எகிப்து என்று நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள்! பண்டைய எகிப்தியப் பூசாரிகள் தங்கள் ஞானத்தையெல்லாம் இதில்தான் ஒளித்துவைத்தார்கள் என்று எங்கள் வகுப்பில் சொன்னார்கள்.

பெரியப்பா: அந்தக் கதையைக் கிளப்பியவர் கூர் த ஜெபெலின் என்ற பிரெஞ்சுக்காரர், 1781இல் அச்சேறிய அவருடைய நூலில் அது இருக்கிறது. ஒரு சீமாட்டியின் வீட்டில் சிலர் டாரட் ஆடிக்கொண்டிருந்ததைக் கண்டு, கால் மணி நேரத்துக்குள் கட்டு முழுவதையும் புரட்டி, இது எகிப்தியருடையது என்று தீர்ப்பளித்துவிட்டார். ஷம்போலியோன் எகிப்திய எழுத்தைப் படித்துக் காட்டியதே 1822இல்தான். அதுவரை மறுத்துப் பேச ஆள் இல்லாததால் அவர் காட்டில் மழை.

பெண்: எகிப்து இல்லையென்றால் வேறு எந்த ஊர்?

பெரியப்பா: வட இத்தாலி, பதினைந்தாம் நூற்றாண்டு. மிலானை ஆண்ட விஸ்கோன்தி, ஸ்ஃபோர்சா குடும்பங்களுக்காகப் பொன் தகடு ஒட்டித் தீட்டிய கட்டு ஒன்றில் 74 சீட்டுகள் எஞ்சியிருக்கின்றன. 35 நியூயார்க்கின் மோர்கன் நூலகத்தில், 26 பெர்கமோ அருங்காட்சியகத்தில், மீதி ஒரு குடும்பத்தாரிடம். காணாமல் போனவை பிசாசு, இடி விழுந்த கோபுரம், வாள் மூன்று, நாணயக் குதிரைவீரன்.

பெண்: பிசாசும் கோபுரமும் சேர்ந்து தொலைந்தது தற்செயலாக இருக்க முடியாது!

பெரியப்பா: கடைசிப் பிடியில் தோற்ற பிரபு எவனாவது கோபத்தில் சன்னல் வழியே வீசியிருப்பான். எங்கள் மேசையில் இதுவரை இரண்டு கட்டு அப்படிப் போயிருக்கிறது.

(பெண் சீட்டுகளைக் கலைக்கும்போது ஒன்று நழுவிக் கீழே விழுகிறது. பெரியப்பா எடுத்துப் பார்க்கிறார்.)

பெரியப்பா: அடக் கொடுமையே! குப்புறக் கிடக்கிறவன் முதுகில் பத்து வாள்கள் நிற்கின்றன. ஒன்றிலேயே போயிருக்க மாட்டானா?

பெண்: அது வாள் பத்து. வெயிட் என்பவர் திட்டமிட்டு, பமீலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியர் வரைந்து, 1909இல் லண்டனில் வெளிவந்த கட்டு இது. அதற்கு முன் மார்செய் கட்டு என்கிற பழைய பிரெஞ்சுச் சீட்டுகளிலெல்லாம் கிண்ணம் ஐந்து என்றால் வெறும் ஐந்து கிண்ணங்கள்தான் இருக்கும். இந்தப் பெண்மணிதான் எண் சீட்டுகளுக்கும் காட்சிகளை வரைந்தார். பெரிய வேலை, மிகச் சொற்பப் பணம் என்று அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

பெரியப்பா: கூலி குறைந்த ஆத்திரத்தை இவன் முதுகில் தீர்த்திருக்கிறார் போலும். சீட்டின் எண் பத்து என்பதால் ஒன்பதோடு நிறுத்தவும் வழியில்லை. சரி, எடுக்கிறேன்.

(முதல் சீட்டைத் திருப்புகிறார். எண் 13.)

பெண்: ஐயோ... பயப்படாதீர்கள் பெரியப்பா. கருங்கவசம் பூண்ட எலும்புக்கூடு வெள்ளைக் குதிரையில் வருகிறது. அரசன் கீழே கிடக்கிறான், மதகுரு கைகூப்பி நிற்கிறார், குழந்தை மட்டும் அஞ்சாமல் பார்க்கிறது. ஆனாலும் கொடியில் வெண்ரோஜா, பின்னால் இரு கோபுரங்களுக்கு நடுவே கதிரவன். இது சாவு அன்று. ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குவதைக் காட்டுவது.

பெரியப்பா: நான் ஏன் பயப்பட வேண்டும்? மார்செய் கட்டில் இதற்குப் பெயரே அச்சிடுவதில்லை, எண் மட்டும்தான். துருப்பில் 13 என்றால் 12ஐ வெட்டும், 14இடம் உதைபடும். இதைப் பார்த்து நடுங்குகிறவன் கையில் 14 இல்லை என்றுதான் பொருள்.

(அடுத்தது கோமாளி.)

பெண்: பாறை விளிம்பில் வானத்தைப் பார்த்தபடி கால் வைக்கப்போகிறான், தோளில் சிறு மூட்டை, கையில் வெண்ரோஜா, காலடியில் துள்ளும் வெள்ளை நாய். எண் சுழியம், அதாவது எதையும் சுமக்காமல் புறப்படும் ஆன்மா.

பெரியப்பா: நம் ஊர்க் கட்டில் அந்தப் பிராணி பின்னாலிருந்து அவன் காற்சட்டையைப் பிய்க்கும், லண்டனுக்குப் போய் நாகரிகம் கற்றுக்கொண்டிருக்கிறது. ஆட்டத்தில் இவனைப் போல் சுகவாசி கிடையாது. இறக்கினால் பிடி கிடைக்காது, ஆனால் பிறர் கைக்கும் போகமாட்டான். ஓர் அற்பச் சீட்டைக் கொடுத்துவிட்டு மீட்டுக்கொள்ளலாம். ஏலம் எடுத்தவன் கையில் இவன் ஒருவன் இருந்தாலே, ஜெயிக்க 56 புள்ளி எடுக்க வேண்டியவன் 51 எடுத்தால் போதும்.

பெண்: இப்படி எல்லாவற்றையும் புள்ளிக் கணக்காக்கினால் நான் எப்படிப் பலன் சொல்வது? வெயிட் அவர்கள் ராசிகளோடு பொருந்த வேண்டும் என்பதற்காக எட்டாம் எண்ணில் இருந்த நீதியைப் பதினொன்றுக்கும், பதினொன்றில் இருந்த வலிமையை எட்டுக்கும் இடம் மாற்றி வைத்திருக்கிறார். அவ்வளவு நுட்பமான ஏற்பாடு இது.

பெரியப்பா: ஆடுகிறவனுக்கு மூலையில் உள்ள எண் தெரிந்தால் போதும், நீதியும் வலிமையும் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். மூன்றாவது என்ன?

பெண்: கிண்ணம் நான்கு. மரத்தடியில் கைகட்டி உட்கார்ந்திருக்கிறான். எதிரே மூன்று கிண்ணங்கள். மேகத்திலிருந்து ஒரு கை நான்காவதை நீட்டுகிறது, அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வலிய வரும் வாய்ப்பை அலட்சியம் செய்கிறீர்கள் என்று சொல்கிறது.

பெரியப்பா: (தொப்பியை மாட்டியபடி) இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நேரம் மிச்சமாகியிருக்குமே! இன்று கைக்கு எது வந்தாலும் ஏலத்தை விடப்போவதில்லை.

பெண்: நான் அப்படிச் சொல்லவே இல்லை! தோற்றுவிட்டு வந்து என்னைக் குறை சொல்லாதீர்கள்.

பெரியப்பா: குறை சொல்ல மாட்டேன். சீட்டு பார்த்தவள் நீ என்பதால் நட்டத்தில் பாதியை உன் கணக்கில் எழுதிக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

பெண்: அப்படியானால் ஜெயித்தால் பாதி எனக்கு.

பெரியப்பா: ஜெயித்தால் அது ஆட்டத் திறமை அம்மா. அதில் குறி எங்கே வந்தது?